கணினிப் பயிலுநன் கடல் கடப்பது எதற்காக?

தொழில் கற்கும் இளைஞன் ஒருவன், கற்று முடிக்கு முன்னரே, அயல்நாட்டு அலுவலகம் ஒன்றிற் சென்றமர்ந்து சில கிழமைகள் வேலை பழகித் திரும்புவது இன்று ஐரோப்பாவில் அரசே பொருள் கொடுத்து ஊக்குவிக்கும் நடைமுறையாகிவிட்டது. செருமனியில் கணினித் தொழில் பயிலும் இளைஞரும் இளம்பெண்டிரும் அயர்லாந்துக்கும் மால்த்தாவுக்கும் இசுப்பெயினுக்கும் எசுத்தோனியாவுக்கும் இவ்வாறு சென்று வருகின்றனர். இளைஞன் வெளியுலகம் கண்டு வருவதில் தவறென்ன என்று கேட்டு அமைவார் ஒருசாரார். இருந்த இடத்திற் கற்க வேண்டியதை விட்டு ஊர்சுற்றப் போகின்றான் என்று முகஞ்சுளிப்பார் மற்றொரு சாரார். இருசாராரும் போகின்றவனைப் பார்க்கின்றனரேயன்றி, அவன் எதனைக் கையிற் கொண்டு போகின்றான், எதனைக் கொண்டு திரும்புகின்றான் என்பதைப் பார்க்கின்றாரல்லர்.

செருமானியப் பயிற்சிமுறையை முதற்கண் அறிந்துகொள்ளல் வேண்டும். அங்குத் தொழிற்பயிற்சி என்பது படிப்பு ஏறாதவனுக்கு எறியப்படும் எச்சில் இலையன்று. பள்ளிப் படிப்பை முடித்த ஒருவன் ஒரு நிறுவனத்தோடு எழுத்துவழி ஒப்பந்தம் செய்துகொள்கின்றான். கிழமையிற் சில நாள் நிறுவனத்தில் வேலை. ஓரிரு நாள் தொழிற்பள்ளியிற் பாடம். சில ஊர்களில் பல கிழமை தொடர்ந்து வேலையும் பின்னர்ச் சில கிழமை தொடர்ந்து பள்ளியுமாக இது அமையும். முதல் திங்களிலிருந்தே அவனுக்கு ஊதியம் உண்டு. கணினித் துறைக்கென 1997ஆம் ஆண்டில் நான்கு புதிய பயிற்சித் தொழில்கள் சட்டப்படி வகுக்கப்பட்டன. அவற்றுள் கணினித்துறை வினைஞன் எனப் பெயர்க்கத்தக்க ஒன்று 2020இல் மீண்டும் திருத்தியமைக்கப்பட்டு, நிரலாக்கம், கணினியமைப்பு ஒருங்கிணைப்பு, தரவுப் பகுப்பாய்வு, எண்மப் பிணைப்பு என நாற்கிளையாயிற்று. பயிற்சிக் காலம் 3 ஆண்டு. முடிவில் வெறும் தாள்தேர்வு மட்டுமன்று; தன் நிறுவனத்திற்கு உண்மையிலேயே தேவைப்படும் ஒரு வேலையை அவன் தானே செய்து காட்டல் வேண்டும். நிரலாக்கக் கிளையினன் அதனை 80 மணி நேரத்திற்குள்ளும், ஒருங்கிணைப்புக் கிளையினன் 40 மணி நேரத்திற்குள்ளும் முடித்து, செய்தவாற்றை எழுதித் தந்து, தேர்வாளர்முன் நின்று விளக்கி, அவர்தம் கேள்விகட்கு விடையிறுத்தல் வேண்டும். எழுத்தும் விளக்கமும் விடையும் அவன் நாட்டு மொழியில் என்பதைப் படிப்போர் உள்ளத்தில் இருத்திக்கொள்க.

இத்தகைய பயிற்சியின் ஒரு பகுதியை அயல்நாட்டிலும் பெறலாம் என்று 2005ஆம் ஆண்டின் தொழிற்பயிற்சிச் சட்டத் திருத்தம் இடந்தந்தது. பயிற்சியின் நோக்கத்திற்கு உதவுமாயின் போகலாம். ஆயின், மொத்தக் காலத்தில் நான்கிலொரு பங்கினை அது மீறலாகாது. 3 ஆண்டுப் பயிற்சிக்கு 9 மாதம் என்பது இதன் கணக்கு. எட்டுக் கிழமைக்கு மேற்படின், அங்கு என்ன கற்பிக்கப்படும் என்னும் திட்டத்தைத் தொழில் வணிக மன்றத்தோடு முன்னரே ஒத்துப் பேசி முடித்தல் வேண்டும். ஒப்பந்தம் இடையில் முறிவதில்லை; ஆகவே, அயல்நாட்டில் இருக்கும்போதும் சொந்த நிறுவனம் ஊதியம் தந்துகொண்டேயிருக்கும். கிழமைதோறும் எழுதும் பயிற்சிக் குறிப்பேட்டை அங்கிருந்தும் எழுதுதல் வேண்டும். தவறிய பள்ளிப் பாடங்களைத் திரும்பி வந்து தானே படித்து நிரப்பிக்கொள்ளல் வேண்டும். போக்குவரத்துக்கும் தங்குதற்கும் ஐரோப்பிய ஒன்றியத்தின் எராசுமசுத் திட்டம் பொருள் தருகின்றது. அத்திட்டத்தின் 2021 முதல் 2027 வரையான சுற்றுக்கு ஏறத்தாழ 2,600 கோடி யூரோ ஒதுக்கப்பட்டுள்ளது.

ஈண்டு ஒன்று கருதத்தக்கது. எராசுமசு என்னும் பெயரில் பல்கலைக்கழக மாணவர் நாடு விட்டு நாடு சென்று படிக்கத் தொடங்கியது 1987இல். கையால் தொழில் கற்பவனுக்கு அதே வகையான ஏந்து, இலியோனார்தோ தா வின்சி பெயரிலான திட்டத்தால், 1995இற்றான் வந்தது. பட்டம் படிப்பவன் முதலில், பட்டறையில் இருப்பவன் எட்டாண்டு கழித்து என்னும் இவ்வரிசை தானாக விளைந்ததன்று. எந்நாட்டிலும் எழுதுகோல் பிடித்தவனுக்குத் திறக்கும் கதவு சுத்தியல் பிடித்தவனுக்குப் பிந்தியே திறக்கின்றது.

இத்தனைக்கும் ஊர் ஊராகப் போய்த் தொழில் பழகுதல் செருமானியக் கைவினைஞர்க்குப் புதிதன்று. தச்சரும் கொத்தரும் கூரை வேய்வோரும் நாடுசுற்றும் பழவழக்கம் அங்கு நடுக்காலத்திலிருந்தே உண்டு. இன்றும் சிலர் அதனைக் கைவிடாது நடத்துகின்றனர். மூன்று ஆண்டும் ஒரு நாளும் வெளியே சுற்றுதல் வேண்டும். சொந்த ஊரிலிருந்து 50 கிலோமீட்டர் வட்டத்திற்குள் கால் வைத்தல் கூடாது. மணமாகியிருத்தலும் கடன்பட்டிருத்தலும் ஆகா. சென்ற ஊர்களின் முத்திரையைத் தன் சுற்றேட்டில் வாங்கிவரல் வேண்டும். இவ்வழக்கத்தில் ஒரு நுட்பம் இருக்கின்றது. பயிற்சி முடித்துத் தேர்ந்த பின்னரே அவன் புறப்படுவான். உளி பிடிக்கத் தெரிந்தவன் மற்றோர் ஊரில் உளி எப்படிப் பிடிக்கின்றார் என்று காணப் போகின்றான். ஒன்றும் தெரியாதவனைப் போகவிட்டால் அவன் காண்பது புதுமையா பழமையா என்பதே அவனுக்கு விளங்காது.

இன்றைய சட்டம் பயிற்சியின் நடுவிலேயே போக இடந்தருகின்றது. அது குற்றமன்று, ஆனால், முதலாண்டிலேயே புறப்படுபவன் பழைய நெறியை மறந்தவனாவான். பிணையத்தின் அடிப்படை தெரியாமலும், ஒரு நிரலைப் பிழைநாடிப் படிக்கத் தெரியாமலும் போகின்றவனுக்கு எந்த அலுவலகம் எந்த வேலையைத் தரும்? இரண்டாம் ஆண்டின் பிற்பகுதியே தக்க காலம். அதற்குள் அவன் கை பழகியிருக்கும். இறுதித் தேர்வு நெருக்கவும் தொடங்கியிராது.

அடுத்தது, எத்தனை நாள் என்பது. எராசுமசுத் திட்டம் 10 நாள் முதல் 89 நாள் வரையுள்ளதைக் குறுங்காலம் என்றும், 90 நாள் முதல் 365 நாள் வரையுள்ளதை நெடுங்காலம் என்றும் பிரிக்கின்றது. நடைமுறையில் மூன்று நான்கு கிழமையோடு பலரும் திரும்பிவிடுகின்றனர். கணினித் தொழிலில் நான்கு கிழமை எவ்வாறு கழியும் என்பதை எண்ணிப் பார்க்க. முதற் கிழமை, தங்கும் வீட்டையும் பேருந்து வழியையும் அறிவதிற் போகும். இரண்டாங் கிழமை, அவனுக்குக் கணினியிற் கணக்குத் திறந்து கடவுச்சொல் தருவதா வேண்டாவா என்னும் பேச்சிற் போகும். ஏற்கும் நிறுவனத்தாரைக் குறைகூறவும் இயலாது. நுகர்வோரின் தரவுகளை ஐரோப்பியத் தரவுக் காப்புச் சட்டம் 2018 மே முதல் இறுகக் காவல் செய்கின்றது. ஒரு மாதம் மட்டும் இருந்து போகும் அயலானுக்கு அவற்றின் திறவுகோலை யார் தருவார்? மூன்றாங் கிழமையில், யாருக்கும் அவசரமில்லாத ஒரு வலைப்பக்கத்தைத் திருத்தச் சொல்வர்; அல்லது பழைய கணினிகளைத் துடைத்து மென்பொருள் நிறுவச் சொல்வர். நான்காங் கிழமை விடைபெறும் கிழமை. கையில் ஒரு சான்றிதழ் மிஞ்சும். ஐரோப்பியக் கடவுத்திறன் ஆவணம் என்று அதற்குப் பெயர். அதில் எழுதப்பட்டதனைத்தும் உண்மையே; ஆயினும் அவன் தொழிலில் ஒன்றும் ஏறவில்லை.

மூன்று மாதம் இருப்பவன் கதை வேறு. ஒரு மென்பொருட் குழுவின் வேலைச் சுழற்சி இரண்டு மூன்று முறை அவன் கண்முன்னே சுழன்று முடியும். தான் எழுதிய நிரலில் மற்றவர் பிழை கண்டு திருப்பியனுப்புவதை அவன் பட்டறிவான். திருத்தி மீண்டும் அனுப்புவான். அது நுகர்வோர் கைக்குப் போவதையும், போன பின் அதிற் கிளம்பும் குறையையும் காண்பான். வழங்கி ஒன்று நள்ளிரவில் நின்றுவிட்டால் மறுநாட் காலையில் அவ்வலுவலகத்தார் ஒருவரையொருவர் பழிக்கின்றனரா, அமர்ந்து கரணியம் தேடுகின்றனரா என்பதையும் காண்பான். இதுவே அயல்நாட்டிற் கற்கத்தக்கது. நிரல் மொழியின் இலக்கணம் எந்நாட்டுப் பொத்தகத்திலும் ஒன்றே. அதைக் கற்க வானூர்தி ஏற வேண்டியதில்லை.

இனி, மொழி. செருமானியப் பயிலுநர் பலர் அயர்லாந்தையும் மால்த்தாவையும் நாடுவதன் கரணியம் ஆங்கிலமே. 2020 வரை இங்கிலாந்துக்கும் இத்திட்டத்தின்வழிச் சென்றனர். 2021இல் தொடங்கிய சுற்றிற் பிரித்தானியா சேரவில்லையாதலின் அயர்லாந்துக்கும் மால்த்தாவுக்கும் மதிப்பு மிகுந்தது. ஆங்கிலம் கற்பது தவறென்று இங்குக் கூறவில்லை. ஆனால் தப்ளினில் இறங்கும் அவ்விளைஞன் தெருப்பலகையில் இரண்டு மொழி காண்பான். மேலே இருப்பது ஐரியம். 1937ஆம் ஆண்டின் அரசமைப்பின்படி அந்நாட்டின் முதல் ஆட்சிமொழி அதுவே. 2007இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆட்சிமொழியாகவும் ஆயிற்று. அம்மொழி தெரியும் என்று 2022ஆம் ஆண்டுக் குடிக்கணக்கெடுப்பிற் கூறினோர் 18 இலக்கத்துக்கும் மேற்பட்டோர்; பள்ளிக்கூடத்திற்கு வெளியே அதனை நாள்தோறும் பேசுவதாகக் கூறினோரோ 71,968 பேர் மட்டுமே. பலகையில் மேலேயும் நாவில் இல்லாமலும் இருக்கும் ஒரு மொழியின் நாட்டிற்கு, அதனை வீழ்த்திய மொழியைக் கற்க வருகின்றான் அவன். பன்னிரு கிழமையில் ஒருவரும் இதனை அவனுக்குச் சொல்லாமலிருக்கக்கூடும். அனுப்புகின்ற தொழிற்பள்ளி ஆசிரியர் புறப்படுமுன் ஒருமணி நேரம் ஒதுக்கி இதனைச் சொல்லியனுப்பலாம்.

எசுத்தோனியாவுக்குப் போகின்றவன் காண்பது இதற்கு மறுதலை. ஏறத்தாழ 11 இலக்கம் பேர் பேசும் மொழி அவர்களுடையது. சென்னையின் ஒரு மூலையில் அடங்கும் தொகை. அவர்களோ கணினியை 'அர்வுத்தி' என்கின்றனர். கணக்கிடுதலைக் குறிக்கும் தம் வினைச்சொல்லிலிருந்து ஆக்கிக்கொண்டது. மென்பொருளுக்கும் வன்பொருளுக்கும் தம் வேர்களாலேயே பெயர் வைத்துள்ளனர். அரசு அலுவலகங்களின் தரவுத் தொகுதிகளை ஒன்றோடொன்று பிணைக்கும் அமைப்பை 2001இலேயே இயக்கினர். 2005இல் இணையவழி வாக்களிப்பை உள்ளாட்சித் தேர்தலில் நடத்திக் காட்டினர். சொந்தச் சொல் வைத்துக்கொண்டால் முன்னேற்றம் தடைப்படும் என்போர் தாலின் நகரத்தில் ஒரு கிழமை தங்கி வருதல் நன்று. பின்லாந்தினர் கணினியை 'அறிவுப் பொறி' எனப் பொருள்படத் 'தியெத்தொக்கொனே' என்றனர். ஐசுலாந்தினர் எண்ணையும் குறிசொல்லும் பெண்ணையும் இணைத்துத் 'தொல்வா' என்றனர். நான்கு இலக்கம் பேர் கூட இல்லாத நாடு அது. பிரெஞ்சு மொழியில் 'ஓர்தினத்தேர்' என்னும் சொல், 1955இல் ஓர் அமெரிக்கக் கணினி நிறுவனத்தின் பிரெஞ்சுக் கிளையே ஒரு மொழிப் பேராசிரியரை அணுகிக் கேட்டு வாங்கியது. விற்க வந்தவனே சொல் கேட்டு நின்றான் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. செருமானியரோ இத்துறையிற் சோர்ந்துவிட்டனர். கணினியியலுக்கு 1957இலேயே தம் நாட்டார் ஆக்கிய சொல்லை வைத்துக்கொண்ட அவர்கள், கணினி என்னும் பொறிக்குப் பெரிதும் ஆங்கிலப் பெயரையே சுமந்து திரிகின்றனர்.

ஆனால், சொல்லிற் சோர்ந்த அந்நாடு பயிற்றுமொழியிற் சோரவில்லை. வேற்று நாட்டிலிருந்து அங்கே தொழிற்பயிற்சிக்கு வருகின்றவர்க்கும் இதுவே நெறி. தமிழகத்திலிருந்து செல்லும் இளைஞரும் செருமானியத்தைப் போதிய அளவு கற்றே பட்டறைக்குள் நுழைதல் வேண்டும். பிரான்சோ இன்னும் ஒருபடி மேலே. தொழிலாளி தன் வேலைக்குத் தெரிந்துகொள்ள வேண்டிய ஆவணம் பிரெஞ்சிலேயே இருத்தல் வேண்டும் என்பது 1994ஆம் ஆண்டுச் சட்டம். ஆங்கிலத்திலேயே மென்பொருளையும் கையேட்டையும் தந்து வேலை வாங்கிய ஓர் அமெரிக்க நிறுவனத்தின் கிளைக்கு 2006இல் வெர்சாய் மேன்முறையீட்டு மன்றம் 5,80,000 யூரோ தண்டம் விதித்தது. அண்ணா பல்கலைக்கழகம் 2010இல் கட்டடப் பொறியியலையும் எந்திரப் பொறியியலையும் தமிழிற் கற்பிக்கத் தொடங்கியபோது, இதைப் படித்தவன் வெளிநாடு போவது எங்ஙனம் என்று வினவியோர் தமிழகத்தில் இருந்தனர். செருமானிய மொழியிலேயே தொழில் கற்று, அம்மொழியிலேயே தேர்வெழுதி, இடையில் தப்ளினிலும் தாலினிலும் இருந்து வேலை பழகிவரும் பத்தொன்பது அகவை இளைஞனே அவ்வினாவிற்கு விடை. தாய்மொழியிற் கற்றதனாற்றான் அங்குக் கண்டதை இங்குள்ளதோடு ஒப்பிட்டுப் பார்க்க அவனால் முடிகின்றது.

பயிலுநன் என்னும் பெயரே சிற்சில நாடுகளில் முகமூடியாகப் பயன்பட்டதையும் மறத்தலாகாது. சப்பான் 1993இல் தொடங்கிய தொழில்நுட்பப் பயிலுநர் திட்டம், வளரும் நாட்டு இளைஞர்க்குத் தொழில் கற்பிப்பதாகச் சொல்லிப் பண்ணைக்கும் ஆலைக்கும் மலிவுக் கூலிகளைத் தந்தது என்னும் பழிக்கு ஆளாயிற்று. அதனை நீக்கி வேறொன்று வைக்க 2024இல் அந்நாட்டு மன்றமே சட்டம் இயற்றிற்று. எராசுமசுப் பயிலுநன் அந்நிலையில் இல்லை. அவனுக்குச் சொந்த நாட்டில் ஒப்பந்தமும் ஊதியமும் திரும்பிப்போக ஓர் இருக்கையும் உண்டு; ஏற்கும் நிறுவனம் அவனைப் பிழிய முயன்றால் பெட்டியைக் கட்டிக்கொண்டு திரும்பிவிடலாம். இவ்வேறுபாடு சட்டம் தந்தது. ஏற்பவரின் நல்லுள்ளம் தந்ததன்று.

எனினும் அச்சட்டத்திலும் ஓர் ஓட்டை இருக்கின்றது. அயல்நாடு போகலாம் என்றுதான் அது சொல்கின்றது. போகும் உரிமை பயிலுநனுக்கு உண்டு என்று சொல்லவில்லை. நிறுவனம் இசைந்தாற்றான் பயணம். பெரிய நிறுவனம் இருபது பயிலுநரில் இருவரை அனுப்பிவிட்டு அதனைத் தன் விளம்பரத் தாளிலும் அச்சிட்டுக்கொள்ளும். ஐந்தாறு பேர் வேலை செய்யும் சிற்றூர்க் கணினிக் கடையில் ஒரே ஒரு பயிலுநன் இருப்பான். அவன் போய்விட்டால் தொலைப்பேசியை எடுக்கவும் ஆளிராது. அவனுக்கும் ஊதியம் கொடுத்துக்கொண்டு மூன்று மாதம் காத்திரு என்றால் அம்முதலாளி எங்ஙனம் இசைவார்? பயிலுநரிற் பத்து விழுக்காட்டினரேனும் 2020க்குள் அயல்நாட்டுப் பயிற்சி பெறல் வேண்டுமென்று செருமானிய நாடாளுமன்றம் 2013இல் இலக்கு வைத்தது. 2017இல் எடுத்த கணக்கில் அது 5.3 விழுக்காடாகவே நின்றது. இப்பொழுது ஐரோப்பிய ஒன்றியம் 2030க்குள் 12 விழுக்காடு என்று புதிய இலக்கு வைத்துள்ளது. இலக்கை உயர்த்துவது எளிது. போகின்றவனுக்கு மட்டும் பொருள் தந்து, அவனை விட்டுக்கொடுக்கும் சிறு பட்டறைக்கு ஒன்றும் தராத வரை, போகின்றவர் அனைவரும் பெருநிறுவனத்துப் பிள்ளைகளாகவே இருப்பர்.

இதற்குத் தீர்வு தொலைவில் இல்லை. செருமனியிற் பத்துப் பன்னிரண்டு சிறு கணினிப் பட்டறைகளும் எசுத்தோனியாவில் அத்தனை பட்டறைகளும் தம்முள் இணைந்து, இங்கிருந்து ஒருவன் போகும் அதே மூன்று மாதத்திற்கு அங்கிருந்து ஒருவன் வருமாறு செய்துகொள்ளலாம். இருக்கை வெறுமையாகாது, தொலைப்பேசியும் அடித்துக்கொண்டே கிடவாது. வருகின்றவன் மொழி தெரியாதவனாயிற்றே என்பர். போகின்றவனும் அவ்வாறே. இருவரும் புறப்படுமுன் மூன்று மாதம் மாலைதோறும் மற்றவன் மொழியைப் படித்து வரல் வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்தாற் போதும். அதற்கான பாடங்களையும் எராசுமசுத் திட்டமே இணையவழி இலவயமாகத் தருகின்றது. பிறகு தாலினிலிருந்து வந்திறங்கும் அவ்விளைஞனுக்கு முதல்நாட் காலை எம்மொழியில் வணக்கம் சொல்லப்படும், அவன் தட்டுத்தடுமாறி விடை சொல்லுமளவும் பொறுத்திருப்பரா, உடனே ஆங்கிலத்திற்குத் தாவிவிடுவரா என்பது அவ்வலுவலகத்தார் கையில் உள்ளது.